அங்கீகரிக்கப்பட்ட சிரிப்பு

ஒரு நகரத்தின் தரத்தை அங்கே உயிரோடிருப்பவர்களை வைத்து எடைபோடுவது காட்டுமிராண்டிக் காலத்துப் பழக்கம். உயிரோடிருப்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? பேருந்துக்கு நிற்கிறார்கள், பல் வலிக்கிறது என்கிறார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? செத்த பிறகும் ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் நாகரிகத்தின் உண்மையான அளவுகோல். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் நம் கண்காணிப்பாளர். கண்டுபிடித்ததோடு நின்றுவிடாமல் அதைக் கோப்பில் ஏற்றி மேலிடத்துக்கும் அனுப்பிவைத்தார்.

அவர் பழைய கல்லறைத் தோட்டத்தின் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கம்பீரம்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றாலும் மரியாதையோடு சொல்வார்கள்: "கம்பீரம் வருது, மேசை மேலேருந்து காலை எடு." அவர் தும்முவதற்கு முன்னால்கூட அறிவிப்புக் கொடுப்பார் என்று பேச்சு. பொய் சொல்ல மாட்டார். அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த ஒருநாள், காரணம் என்ற இடத்தில் 'தூங்கிவிட்டேன்' என்று எழுதிய ஒரே ஊழியர் அவர்தான். அதே மாதத்தில் மற்றவர்கள் தங்கள் சித்தப்பாக்களை ஆளுக்கு இரண்டு முறை சாகடித்திருந்தார்கள்.

தோட்டமும் லேசுப்பட்டதல்ல. கப்பல் தலைவர்கள், துணி வணிகர்கள், நீதிபதிகள், ஒரு நாட்டிய ஆசிரியை, அவளால் சொத்திழந்த மூன்று பேர் என்று பெரிய மனிதர்கள் படுத்திருக்கும் இடம். புதிதாகச் செத்தவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது, பாரம்பரியம் கெட்டுவிடும். நடுப்பாதையில் சலவைக்கல் தேவதை ஒன்று மூக்கில்லாமல் நிற்கிறது. மூக்கை உடைத்தது யார் என்ற விசாரணை, கண்காணிப்பாளருக்கு முன்னிருந்தவருக்கும் முன்னிருந்தவர் காலத்தில் தொடங்கி, நல்ல முன்னேற்றத்தோடு நடந்துகொண்டிருக்கிறது.

இத்தனை இருந்தும் ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லை. காதலர்கள் வந்தார்கள், அவர்கள் கல்வெட்டுப் படிக்கவில்லை. ஆடுகள் வந்தன, அவையும் படிக்கவில்லை. தோட்டத்தை இடித்து வாகன நிறுத்தமாக்கிவிடலாம் என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பேய் வந்து கைகொடுத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கண்ணயரும் வேளை. தோட்டத்தின் கோடியில், குவிமாடம் வைத்த வணிகர் கல்லறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. முதலில் அடக்கிப் பார்க்கும், முடியாமல் வெடிக்கும், மூச்சுவாங்கி, போதும் போதும் என்பதுபோல் இழுத்து, அடங்கிவிட்டது என்று நாம் நம்பும் நேரத்தில் மறுபடி வெடிக்கும். முதலில் கேட்டவர் தோட்டத்து வழிகாட்டி. நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருந்து, கம்பெனி படுத்த பிறகு அரசு வேலைக்கு வந்தவர். பகைவர் படையை ஒற்றை வாளால் விரட்டிய அந்த மாவீரர், அன்று செருப்பைக் கையில் பிடித்தபடி அலுவலகம் வந்து சேர்ந்தார்.

கண்காணிப்பாளர் உடனே செயலில் இறங்கினார். சம்பவ இடத்துக்கு அவர் போகவில்லை. அதிகாரி நேரில் போனால் அது விசாரணை. போகாமல் எழுதினால் அது அறிக்கை. அவர் அறிக்கைதான் எழுதினார். சில நாட்களில் சிரிப்பு இரண்டு குரலில் கேட்கிறதே என்று வழிகாட்டி சந்தேகம் கிளப்பியபோது, இரண்டாவது குரல் 'எதிரொலி' என்று அலுவலக ஆணை பிறப்பித்துத் தீர்த்துவைத்தார். அதன் பிறகு இரண்டாவது குரலைக் கேட்டவர்களும் அதை எதிரொலியாகவே கேட்டார்கள்.

கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து, பயந்து, கைகால் நடுங்கி, மிகுந்த திருப்தியோடு திரும்பிப் போனார்கள். 'ஆவிகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்', 'ஓடுவோர் இடதுபுறமாக ஓடவும்' என்று பலகைகள் முளைத்தன. பயம் போதவில்லை என்று புகார் சொல்ல ஒரு பெட்டி வைத்தார்கள்.

இந்த மாமனிதரின் வீட்டையும் நாம் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில், நாற்காலிகள் சுவரோடு ஒட்டி நிற்கும் வீடு. அதில் அவர், அவர் மனைவி, அவருடைய தங்கை ஆகிய மூவர். தங்கை, தோட்டத்தின் பின்வாசலை ஒட்டிய பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கல்யாணம் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்ததற்கு அண்ணன் குடும்பம் நடத்தும் அழகைப் பார்த்ததே காரணம் என்று சொல்வாள். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் வீட்டில் கூட்டம் நடக்கும். தலைவர் அவர். செயலாளர், பொருளாளர், தேநீர் ஆகிய பொறுப்புகள் மனைவிக்கு. தங்கை பார்வையாளர். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்து ஏற்பார்கள். சோப்பு ஏன் சீக்கிரம் கரைகிறது என்பதில் தொடங்கி, கதவை அடிக்கும் காற்றுக்கு யார் பொறுப்பு என்பது வரை விவாதம் நடக்கும்.

கண்டிப்பானவரே தவிர, கொடுமைக்காரர் அல்ல. கைநீட்டியதில்லை, குரலுயர்த்தியதில்லை. வீட்டில் யார் உதட்டிலாவது சிரிப்பு எட்டிப் பார்த்தால் மட்டும், சத்தம் வருவதற்குள் பேனா மூடியைக் கழற்றி, நிதானமாக ஒரு கேள்வி கேட்பார்: "எதுக்குச் சிரிச்சே? காரணத்தைச் சொல்லு." கல்யாணமான புதிதில் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டு, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று அடுத்த கேள்வியும் கேட்டார். அதற்கும் சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்தபோது அதில் சிரிக்க எதுவும் மிச்சமில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்ற பிரச்சினையே எழவில்லை. அமைதியான குடும்பம் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக் கூட்டத்தில் அவர் கனைத்துக்கொண்டார்.

"பொருள் ஒண்ணு. தோட்டத்து ஆவி பத்தின துண்டுப்பிரசுரம். நானே எழுதினது. வாசிக்கிறேன்."

வாசித்தார்: 'நிறைவேறாத ஆசையோடு மாண்டுபோன ஒரு மங்கையின் அவலக் குரல் அது. கேட்போர் நெஞ்சில் குருதி உறையும். உயிருள்ள எந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்தும் அத்தகைய ஒலி எழ இயலாது.'

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. தங்கை எழுந்து போய் ஜன்னலோரம் நின்று இருமினாள்.

"என்னம்மா, அழறியா?"

"இல்லைங்க. கண்ணுல தூசி."

"உருக்கமா வந்திருக்குல்ல?"

"ரொம்பங்க," என்றாள் மனைவி, மேசையை இறுக்கிப் பிடித்தபடி. "அந்த மங்கை எதுனால செத்தாளாம்?"

"ஆய்வு நடந்துட்டிருக்கு. கப்பல் தலைவன் பொண்ணா இருக்கலாம்னு எனக்கு ஒரு யோசனை."

"பாவம்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள் தங்கை. "மேல படிங்கண்ணா. அந்தக் குருதி உறையறதை இன்னொரு தடவை படிங்க."

படித்தார். வீட்டார் தன் எழுத்தை இவ்வளவு ரசிப்பதில் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'ஆவிச் சான்றளிப்புக் குழு' நேரில் வருகிறது. பேய் உண்மையென்று உறுதியானால் தோட்டம் 'அங்கீகரிக்கப்பட்ட ஆவித் தலம்' ஆகும். கண்காணிப்பாளர் இயக்குநர் ஆவார். பேய் போலியென்று தெரிந்தால், வாகன நிறுத்தம். அவரோ, தேய்ந்த மேசையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக் கூட்டங்களுக்கு முழுநேரத் தலைவராகிவிட வேண்டியதுதான்.

குழு வருவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். தன் பொறுப்பிலுள்ள பேயை ஒருமுறைகூடக் கேட்காமல் குழுவின் முன் நிற்பது முறையல்லவே. வழிகாட்டியை அழைத்துக்கொண்டு மதியம் கிளம்பினார். மூக்கில்லாத தேவதை வரை வந்த வழிகாட்டி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் இதுக்கு மேல வரலை சார். எனக்குக் குடும்பம் இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு."

"உங்களுக்குப் பதவியும் இருக்கு சார். நீங்க போங்க."

நியாயம் புரிந்து கண்காணிப்பாளர் தனியாக நடந்தார். குவிமாடம் கிட்டே வந்தது. சிரிப்பும் கேட்டது. கேட்டதும் அவர் கால்கள் முன்னனுமதி பெறாமல் இரண்டடி பின்வாங்கின. பிரசுரத்தில் எழுதியதெல்லாம் உண்மைதான், குருதி உறைந்தது. சிரிப்பு ஓய்ந்து பேய் பேசத் தொடங்கியதும்தான் அவர் அப்படியே கல்லாகிப் போனார். ஏனென்றால் பேய் அவர் குரலில் பேசியது.

"பொருள் ரெண்டு," என்று கனைத்தது பேய். "தேநீரில் சர்க்கரை குறைந்தது ஏன்? சம்பந்தப்பட்ட உறுப்பினர் விளக்கம் தருக."

"தலைவர் அவர்களே, சர்க்கரை விடுப்பில் இருக்கிறது," என்றது எதிரொலி.

தன் வீட்டு விவகாரம் மறுவுலகம் வரை போய்விட்டதே என்று அவருக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கல்லறையின் பின்படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அச்சு அசல் அவரே உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் தங்கை, மருத்துவமனைச் சீருடையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லில் சாய்ந்து கிடந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

சிரிப்பு அறுந்து விழுந்தது.

"வாங்கண்ணா," என்றாள் தங்கை, சீருடையை நீவிவிட்டபடி. "கூட்டம் நடக்குது. உட்காருங்க."

"எதுக்குச் சிரிச்சீங்க? காரணத்தைச் சொல்லுங்க."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்திருக்கக் கூடாது. மனைவிதான் முதலில் உடைந்தாள். கண்ணை இறுக மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, நாத்தனார் தொடையில் பட்பட்டென்று தட்டி, கண்ணில் நீர் வழிய, அவர் வாழ்நாளில் கண்டிராத ஒரு பெண்ணாக அவள் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது கண்காணிப்பாளருக்குப் புதுச் செய்தி. அதை எந்தத் தலைப்பின் கீழ் பதிவதென்று தெரியாமல் நின்றார்.

"அப்ப அது நீயா?" என்றார் கடைசியில்.

"எதுங்க?"

"பேய்."

"ஆமாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல சும்மா இந்தக் கல்வெட்டு படிக்கத்தான் வந்தோம். இதைப் பாருங்களேன்."

படித்தார். 'இங்கே துயில்பவர் தம் மனைவியரை ஒருநாளும் வருந்தவிட்டதில்லை. மனைவியர் மூவரும் பின்பக்கம்.'

"இதுல சிரிக்க என்ன..." என்று தொடங்கியவர், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வீட்ல சிரிச்சா நீங்க காரணம் கேக்கறீங்க," என்றாள் மனைவி. கோபமில்லாமல், விலாசம் சொல்வதுபோல்தான் சொன்னாள். "காரணம் சொன்னா சிரிப்பு போயிடுது. அதனால வர்றதையெல்லாம் சேத்து வெச்சு, நீங்க சாப்பிட்டுக் கிளம்பினதும் இங்க கொண்டாந்து சிரிச்சிட்டுப் போறேன். இங்க இருக்கறவங்க யாரும் காரணம் கேக்கறதில்லை."

"ஜனங்க பயந்து ஓடறாங்களே, தெரியுமா?"

"தெரியுங்க. வழிகாட்டி செருப்பைத் தூக்கிட்டு ஓடினதைப் பார்த்ததுலேருந்துதான் தினமும் வரோம்."

கண்காணிப்பாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். பதவி, பலகைகள், பயம் போதாதோர் பெட்டி எல்லாம் கண்முன்னால் சரிந்தன. ஆனால் நிர்வாகி நிர்வாகிதான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குழு வரும் நாளில் மனைவி வழக்கம்போலச் சிரிப்பது, மறைவிலேயே இருப்பது, பிறகு பின்வாசல் வழியாக வீடு சேர்வது என்று மூன்று அம்சத் திட்டமொன்றை முன்வைத்தார்.

"சிரின்னு சொன்னா எனக்குச் சிரிப்பு வராதுங்க," என்றாள் அவள். "ஆனா அது என்னோட நேரம். நான் வருவேன். வந்தா சிரிப்பேன். அவங்க யாருன்னு கேட்டா, என் வீட்டுக்காரின்னு சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"சொன்னா என் பதவி போயிடும்மா."

"சொல்லலைன்னா நான் செத்துப்போனவளாயிடுவேனே."

இப்படி ஒரு வாதத்துக்கு அவரிடம் விதி எண் எதுவும் இல்லை. அன்று முதல் வீட்டில் சாப்பாட்டைப் பற்றியோ சோப்பைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக் கூட்டம் உறுப்பினர் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒத்திவைக்கப்பட்டது. உடம்புக்கு ஏதாவதா என்று தங்கை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

குழு வந்தது. தலைவர், நெடுங்காலம் பல துறைகளில் தலைவராகவே இருந்து பழகியவர். கூட ஓர் ஒலிப் பொறியாளர், நீண்ட கம்பில் ஒலிவாங்கியைக் கட்டிப் பிடித்திருந்தார். ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஆவிகள் வரும்போது வெப்பம் குறையும் என்று காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கக்கத்தில் செருகியிருந்தார். எடுக்க மறந்து பேசிக்கொண்டே வந்ததால் அவர் ஒரு கையை மட்டும் அசைத்து நடந்தார். முன்னால் கண்காணிப்பாளர், வெயிலே இல்லாமல் குடைபிடித்தபடி. கடைசியில் வழிகாட்டி, இம்முறை செருப்பை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டு.

இந்த ஊர்வலம் குவிமாடத்தை நோக்கி அடிமேல் அடி வைத்து வருவதைக் கல்லறைக்குப் பின்னாலிருந்து பார்க்கும் ஒரு பெண்ணின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் அடக்கிப் பார்த்தாள், பாவம். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் கக்கத்திலிருந்து கருவியை உருவி, கண்ணுக்கருகில் பிடித்து, "குழுவுக்குக் காய்ச்சல் இல்லை," என்று கம்பீரமாக அறிவித்தார்.

தோட்டமே அதிர்ந்தது. தேவதைக்கு மூக்கிருந்தால் அதுவும் உதிர்ந்திருக்கும்.

"அருமை," என்றார் பொறியாளர், காதுக்கருவியை அழுத்திக்கொண்டு. "எதிரொலி தனியாத் தெரியுது."

"குறைஞ்சது இருநூறு வருஷத்துச் சிரிப்பு," என்றார் பேராசிரியர். "இந்த மாதிரி சிரிக்கறது இப்ப வழக்கத்துலயே இல்லை."

தலைவர் முகமலர்ந்து திரும்பினார். "கண்காணிப்பாளரே, வாழ்த்துகள். நீங்க சான்றிதழுக்கு..."

கண்காணிப்பாளர் குடையை மடக்கினார். இயக்குநர் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை, எல்லாம் ஒருமுறை கண்ணில் வந்து போயின. கன்னத்துக் குழியும் வந்தது.

"ஐயா, மன்னிக்கணும். அது பேய் இல்லை. என் மனைவி."

பின்பக்கத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பின் ஈரம் இன்னும் காயவில்லை. கணவனைப் பார்த்த பார்வையில் அப்படியொரு சந்தோஷம்.

"வணக்கங்க. நான்தான்."

குழு கூடிக்கூடிப் பேசியது. தலைவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அவசரப்பட வேண்டாம். எதுக்கும் ஒரு முறை இருக்கு. ஒரு சிரிப்பை உயிருள்ளவங்களோடதுன்னு உரிமை கொண்டாடினா, அவங்க அதை வீட்ல சிரிச்சு நேர்ல கேட்ட சாட்சி வேணும்."

"நான் கேட்டிருக்கேன் சார்," என்று கல்லறைக்குப் பின்னாலிருந்து வந்தாள் தங்கை. "தினமும் கேக்கறேன்."

"எங்க கேட்டீங்க?"

"இங்கதான்."

"இங்க கேட்டது கணக்குல வராதும்மா. இங்க கேக்கறதெல்லாம் பேய்தான். அதுவுமில்லாம நீங்க எதிரொலின்னு ஏற்கனவே ஆணை இருக்கு." தலைவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கூடவே குடும்பம் நடத்தறவர் நீங்கதான். இந்தச் சிரிப்பை உங்க வீட்ல கேட்டிருக்கீங்களா? ஒருதடவை கேட்டிருந்தாலும் போதும்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொய் சொல்லக் கண்காணிப்பாளர் மனதாரத் தயாரானார். 'கேட்டிருக்கேன்.' ஒரே சொல். அதற்காக வாயைத் திறந்தார். எந்த அறையில் கேட்டது, எப்போது கேட்டது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. கல்யாணத்தன்று இல்லை. நல்ல செய்தி வந்த நாட்களில்கூட இல்லை. வீடு முழுக்கத் தேடியும், பொய்யை மாட்டிவைக்க அவருக்கு ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை.

"கேட்டதில்லைங்க," என்றார்.

"பார்த்தீங்களா," என்றார் தலைவர் பரிவோடு. "வருத்தப்படாதீங்க, இது உங்க தப்பு இல்லை. பொறியாளரே, உங்க வீட்ல?"

"என் வீட்டுக்காரி நிதானமானவங்க சார். ஒலி அளவே கிடையாது."

"பேராசிரியர்?"

"புன்னகைப்பாங்க. விருந்தாளி வந்தா."

"நானும் எவ்வளவோ காலமா இல்லறம் நடத்தறேன். இந்த மாதிரி ஒண்ணைக் கேட்டதே இல்லை. ஆக, நாம எல்லாருமே அனுபவப்பட்ட குடும்பஸ்தர்கள். ஒருத்தர் வீட்லயும் இல்லாத ஒரு சத்தம், உயிருள்ள பொம்பளையோடதா எப்படி இருக்க முடியும்?" தலைவர் புத்தகத்தை மூடினார். "உருவம் உங்க மனைவியோடது. அதை நாங்க மறுக்கலை. சிரிப்பு பேயோடது. ஒருமனதா முடிவாகுது."

கண்காணிப்பாளர் மனைவியைப் பார்க்கத் துணிவில்லாமல் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளே கிட்டே வந்தாள்.

"நீங்க சொன்னீங்கல்ல. அது போதுங்க." குடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சாட்சிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லத்தான் பார்த்தேம்மா. கிடைக்கலை."

அவள் தலைவரிடம் திரும்பினாள். "அப்ப நான் பேய்தானா?"

"சட்டப்படி, மதியத்துல மட்டும்."

"பேய்க்கு என்னென்ன உண்டு?"

தலைவர் மறுபடி புரட்டினார். "அங்கீகரிக்கப்பட்ட பேயை இருக்கற இடத்துலேருந்து யாரும் எழுப்பக் கூடாது. வேலை ஏவக் கூடாது. எங்க போறே, எப்ப வருவேன்னு விசாரிக்கக் கூடாது. முக்கியமா, எதுக்குச் சிரிச்சேன்னு காரணம் கேக்கக் கூடாது. மீறினா தண்டனை உண்டு."

"அடடா," என்றாள் மனைவி நாத்தனாரிடம். "இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே."

இன்று தோட்டம் எங்கேயோ போய்விட்டது. குவிமாடத்தைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டியிருக்கிறார்கள். கண்காணிப்பாளர் இயக்குநராகி, கதவில் பெயர்ப்பலகையும் வந்துவிட்டது. மதியமானால் அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு, மற்றப் பார்வையாளர்களோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறார். வெளியூர்க்காரர்கள் பயந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "பயப்படாதீங்க," என்பார். "அவங்க ரொம்ப நல்லவங்க." பல நாள் அவர் கண் கலங்கியிருக்கும். பக்தி என்று வழிகாட்டி விளக்குவார். ஞாயிற்றுக் கூட்டம் நின்றேவிட்டது. பேனா மூடியை அவர் வேண்டுமென்றே தொலைத்துவிட்டார். வீட்டில் யாராவது சிரித்துவிடமாட்டார்களா என்று தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இதுவரை வந்ததெல்லாம் ஒரு புன்னகைதான். அதுவும் விருந்தாளிகள் இல்லாதபோது வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

பேய்களின் உரிமைகள் பற்றிய செய்தி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. முதலில் நீதிபதி கல்லறைக்குப் பின்னால் ஒரு கனத்த சிரிப்பு கேட்டது. அடுத்த வாரம் கப்பல் தலைவர்கள் வரிசையில் கீச்சுக்குரலில் ஒன்று. பிறகு நாட்டிய ஆசிரியைப் பக்கம் ஒரு கும்பலே. மதியச் சாப்பாட்டைப் பரிமாறி, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் பின்வாசல் வழியாக வரிசையில் வந்து பேயானார்கள். இடப்பற்றாக்குறை ஏற்பட்டு, மூக்கில்லாத தேவதையின் பீடத்தையும் திறந்துவிட வேண்டியதாயிற்று.

ஆண்டு ஆய்வுக்குக் குழு திரும்பி வந்தது. நீதிபதி கல்லறையின் கனத்த சிரிப்பைக் கேட்டதும் தலைவர் சட்டைக் கையை விலக்கிக் காட்டினார். மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"இது ரொம்ப பயங்கரமா இருக்கே."

"ஐயாவுக்கு இந்தக் குரல் எங்கயாவது கேட்ட மாதிரி இல்லையா?" என்றார் இயக்குநர். தலைவருக்குச் சற்று முன்னால்தான் சாப்பாடு போட்டுவிட்டு அந்தக் குரல் கிளம்பி வந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

தலைவர் தலையைச் சாய்த்து, நேர்மையாக யோசித்தார். "இல்லையே. சத்தியமா இல்லை."

பொறியாளர் கீச்சுக்குரலுக்கு எதிரே ஒலிவாங்கியை நீட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர், கும்பலுக்குள் எது எந்த நூற்றாண்டு என்று பிரித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பையிலிருந்து தன் ஆண்டறிக்கையை எடுத்தார். இம்முறை எல்லா இடத்துக்கும் நேரில் போய்விட்டு எழுதியது. மூவரும் மரியாதையோடு நின்று கேட்டார்கள்.

'இச்சிரிப்புகள் உயிருள்ள பெண்களுடையனவாக இருக்கலாமோ, நம் நகரத்து வீடுகளிலிருந்து தொலைந்து இங்கே வந்து சேர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தமையால், காவல் நிலையத்தில் முறைப்படி விசாரித்தோம். வீட்டில் நாய் காணவில்லை, குடை காணவில்லை, ஒற்றைச் செருப்பு காணவில்லை என்று ஆடவர் பலர் புகார் அளித்திருக்கிறார்கள். மனைவியின் சிரிப்பைக் காணவில்லை என்று எந்த வீட்டிலிருந்தும் ஒரு புகாரும் இல்லை. ஆகவே இவை அனைத்தும் பேய்களே என இதனால் உறுதி செய்யப்படுகிறது.'

குழு ஒருமனதாகக் கைதட்டியது.